முப்பது புத்தகம், ஒரே துப்பறிவாளர்: நீண்ட மர்மத் தொடரை அலுக்காமல் படித்து முடிக்க

ஒரு மர்மத் தொடரை முதலிலிருந்து கடைசிவரை படித்தே தீருவது என்று கிளம்பியவர்களில், நான் பார்த்தவரை, பாதிப் பேர் ஆறாவது ஏழாவது புத்தகத்தில் நின்றுவிடுகிறார்கள். கேட்டால் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்பார்கள். துருவிக் கேட்டால் தொடங்கிய இடம் தப்பாக இருக்கும், இல்லையென்றால் பத்தே நாளில் ஆறு புத்தகத்தை விழுங்கியிருப்பார்கள். நானும் அப்படி இரண்டு தொடர்களைக் கெடுத்துக்கொண்டவன்தான்.

கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளுக்கு அரை மணி நேரம் போதும். அவற்றைத் தாண்டிக் குதித்தால் மட்டும் பின்னால் சரிசெய்ய வழியில்லை. கொலையாளியின் பெயர் ஒருமுறை காதில் விழுந்துவிட்டால் அதை மறக்க மருந்து கிடையாது.

தொடங்கும்முன் கையில் இருக்க வேண்டியவை மூன்று: பட்டியல் எழுத ஒரு தாள், பக்கத்தில் செருகிவைக்க பாதிப் போஸ்ட்கார்டு அளவில் கெட்டி அட்டைகள், இந்தத் தொடருக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத வேறு புத்தகம் ஒன்று. மூன்றாவது எதற்கு என்பது 6ஆம் படியில் வரும்.

1. தொடர் எந்த ரகம் என்று பாருங்கள்

மர்மத் தொடர்களில் இரண்டு ரகம் உண்டு. ஒன்றில் ஒவ்வொரு புத்தகமும் தனிக்கதை. துப்பறிவாளர் மட்டும் பொது. மற்றதில் வழக்கு அந்தந்தப் புத்தகத்தில் முடிந்துவிடும், ஆனால் துப்பறிவாளரின் வாழ்க்கை ஒரு சரடாக ஓடிக்கொண்டே இருக்கும்.

ஜார்ஜ் சிமெனோன் எழுதிய, பாரிஸ் போலீஸ் அதிகாரி மேக்ரே வரும் நாவல்கள் மொத்தம் 75. 1931இல் தொடங்கி 1972இல் முடிந்தவை. எதை எடுத்தாலும் படிக்கலாம். ரெக்ஸ் ஸ்டவுட்டின் அமெரிக்கத் துப்பறிவாளர் நீரோ வுல்ஃப் 1934இலிருந்து 40 ஆண்டுகள் வந்தார், வயது மட்டும் ஏறவே இல்லை. தமிழின் சங்கர்லால், பரத்-சுசீலா, விவேக்-ரூபலா, நரேந்திரன்-வைஜெயந்தி கதைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். கைக்குக் கிடைத்ததிலிருந்து ஆரம்பிக்கலாம்.

சரடு ரகத்துக்கு நல்ல உதாரணம் ஸ்வீடனின் மார்ட்டின் பெக் நாவல்கள். இரண்டு எழுத்தாளர்கள் சேர்ந்து, பத்தே புத்தகம் என்று முதலிலேயே தீர்மானித்து, 1965 முதல் 1975 வரை எழுதினார்கள். அதில் ஏழாவதை முதலில் எடுத்தால் வழக்கு புரியும், ஆட்கள் புரியமாட்டார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. வங்காளத்தின் வியோம்கேஷ் பக்ஷியை எடுத்துக்கொள்ளுங்கள்: கதைகள் தனித்தனி, ஆனால் திருமணம் நடக்கிறது, குடும்பம் வளர்கிறது. வரிசை மாறினால் குடி முழுகிவிடாது. வரிசையாகப் படித்தால் கூடுதலாக ஒன்று கிடைக்கும்.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க இணையத்தில் தேடாதீர்கள். தேடப்போய்த்தான் முடிவைத் தெரிந்துகொள்கிறார்கள். படித்தவர் ஒருவரிடம் "நடுவில் ஒன்றை எடுத்தால் புரியுமா?" என்று மட்டும் கேளுங்கள். அப்படி யாரும் இல்லையென்றால் மூன்றாவது புத்தகத்தின் முதல் பத்துப் பக்கத்தைப் புரட்டுங்கள். பழைய சங்கதிகளை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்ற பாவனையில் பேசினால் அது சரடுத் தொடர்.

2. வெளிவந்த ஆண்டுப்படி பட்டியல் போடுங்கள்

கதைக்குள் நடக்கும் காலத்தின்படி அடுக்க வேண்டாம். வெளிவந்த ஆண்டுதான் கணக்கு. முன்னால் வந்தவற்றை வாசகர் படித்திருப்பார் என்ற நினைப்பில்தான் ஆசிரியர் எழுதிக்கொண்டு போகிறார்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு உதாரணம். அகதா கிறிஸ்டியின் துப்பறிவாளர் பாய்ரோ வரும் நாவல்களில் 1937இல் வந்தது 'டம்ப் விட்னஸ்'. அதில் ஓரிடத்தில் பாய்ரோ, தான் பிடித்த பழைய கொலையாளிகள் நான்கு பேரைச் சாவகாசமாகப் பெயர் சொல்லி நினைவுகூர்கிறார். நான்கும் முந்தைய நாவல்கள். நான் அதைத்தான் இரண்டாவதாகப் படித்தேன். நான்கு புத்தகங்கள் ஒரே பத்தியில் போயின. அந்த நாவலைப் பட்டியலில் எழுதும்போதே பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுவையுங்கள்.

ஷெர்லாக் ஹோம்ஸும் அப்படித்தான். 1893இல் ஆசிரியர் ஹோம்ஸின் கதையை முடித்துவைத்தார், 1903இல் திரும்பக் கொண்டுவந்தார். (ஊரறிந்த ரகசியம் என்பதால் சொல்கிறேன்.) நடுவில் 1901இல் பத்திரிகைத் தொடராக ஆரம்பித்த பாஸ்கர்வில் நாவல் 1893க்கு முந்தைய காலத்தில் நடப்பது. கதைக் காலத்தின்படி அடுக்கினால் இதை முன்னால் கொண்டுபோக வேண்டியிருக்கும். அந்தப் பத்து வருட இடைவெளியை அன்றைய வாசகர் உணர்ந்த மாதிரி உணர முடியாது.

விதிக்கு விலக்கும் உண்டு. வியோம்கேஷை நாம் முதன்முதலில் சந்திக்கும் 'சத்யான்வேஷி' எழுதப்பட்ட வரிசையில் மூன்றாவது. தொகுப்புகள் அதைத்தான் முதலில் வைக்கின்றன. அதை முதலில் படிப்பதே சரி.

பட்டியலில் நான்கு கட்டம் போதும்: ஆண்டு, தலைப்பு, மாற்றுத் தலைப்பு, நாவலா சிறுகதையா. மூன்றாவது கட்டத்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே நாவல் பிரிட்டனில் ஒரு பெயரிலும் அமெரிக்காவில் வேறு பெயரிலும் வந்திருக்கும். 1933இல் வந்த 'லார்ட் எட்ஜ்வேர் டைஸ்', அமெரிக்காவில் 'தர்ட்டீன் அட் டின்னர்'. தமிழ் மொழிபெயர்ப்பில் அதற்கு மூன்றாவதாக ஒரு பெயர் வைக்கவும் வாய்ப்புண்டு. ஒரே கதையை இரண்டு அட்டையில் காசு கொடுத்து வாங்கி, நாற்பதாவது பக்கத்தில்தான் விழித்துக்கொண்டவன் நான்.

நான்காவது கட்டமும் சும்மா இல்லை. சில ஆசிரியர்கள் தங்கள் சிறுகதையையே பிறகு நாவலாக விரித்திருப்பார்கள். 1923இல் 'பிளிமத் எக்ஸ்பிரஸ்' என்ற பாய்ரோ சிறுகதை. 1928இல் அதே முடிச்சு நீல ரயில் நாவலாக வந்தது. இப்படிப்பட்ட ஜோடி தெரிந்தால் நாவலை முதலில் படியுங்கள். சிறுகதையில் முடிச்சு இருபது பக்கத்தில் அவிழ்ந்துவிடும். பிறகு முந்நூறு பக்கம் எதற்கு?

3. எதில் தொடங்குவது

சரடு ரகம் என்றால் பேச்சே இல்லை, முதல் புத்தகம்.

தனிக்கதை ரகத்தில் முதல் புத்தகம் பெரும்பாலும் சுமாராக இருக்கும். ஆசிரியருக்கே அந்த ஆள் யாரென்று அப்போது முழுசாகத் தெரிந்திருக்காது. மூன்றாவதையோ நான்காவதையோ ருசி பார்க்க எடுத்துவிட்டு, பிடித்தால் முதலுக்குப் போய் வரிசையாக வாருங்கள்.

ஹோம்ஸின் முதல் நாவல் 1887இல் வந்தது. அதன் பிற்பாதியில் கதை திடீரென்று அமெரிக்காவுக்குப் போய்விடும், பக்கம் பக்கமாக ஹோம்ஸைக் காணக் கிடைக்காது. புதிதாக வருகிறவர்கள் அங்கேதான் புத்தகத்தை மூடிவைக்கிறார்கள். 1892இல் வந்த 12 சிறுகதைகளின் தொகுப்பில் தொடங்குங்கள். அந்த ஆளோடு பழக்கமான பிறகு முதல் நாவலுக்குத் திரும்பினால் அமெரிக்கப் பகுதியும் தள்ளிக்கொண்டு போய்விடும்.

தமிழில் சுஜாதாவின் வக்கீல் ஜோடி கணேஷ்-வசந்த் வேறு மாதிரிச் சிக்கல். இருவரும் சேர்ந்தே இருப்பவர்கள் என்று நினைத்து முதல் நாவலைத் திறப்பவர்கள் வசந்தைத் தேடுகிறார்கள். 1968இல் வந்த 'நைலான் கயிறு' காலத்தில் கணேஷ் மட்டும்தான். ஜோடியை எதிர்பார்த்து வருகிறவர்கள் பிந்தைய நாவல் ஒன்றில் தொடங்கலாம்.

இன்னொன்று: எல்லோரும் புகழும் புத்தகத்தில் தொடங்காதீர்கள். அதற்குப் பிறகு மற்றவை வெளுத்துத் தெரியும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. புகழ்பெற்ற மர்ம நாவல்களில் பல, அந்த வகையின் வழக்கத்தை எங்கோ மீறியதால்தான் புகழ்பெற்றவை. நாலு சாதாரண நாவல் படித்து வழக்கம் பழகியவருக்குத்தான் அந்த மீறல் திடுக்கென்று இருக்கும். புதியவருக்கு "சரி, இவன்தானா" என்று போய்விடும்.

4. மூன்று படித்த பிறகே மொத்தமாக வாங்குங்கள்

தள்ளுபடியில் முழு செட்டும் கிடைக்கிறது என்று வாங்கி அலமாரியில் அடுக்கியவர்களை எனக்குத் தெரியும். அடுக்கியபடியே இருக்கிறது.

முதல் மூன்றையும் நூலகத்திலோ நண்பரிடமோ இரவல் வாங்கிப் படியுங்கள். முதல் புத்தகத்தில் துப்பறிவாளர் யாரென்று தெரியும். இரண்டாவதில், ஆசிரியர் துப்புகளை எங்கே ஒளித்துவைக்கிறார் என்று பிடிபடும். மூன்றாவதில் முடிச்சு ஓரளவு எதிர்பார்த்தபடியே வரும். அப்படி வந்தும் படிக்கப் பிடிக்கிறதா என்பதுதான் சோதனை. நீண்ட தொடரில் முப்பது தடவையும் முடிச்சு அசத்தாது. அந்த ஆளோடு இருப்பது பிடித்திருந்தால்தான் முப்பது தாங்கும்.

தேறிவிட்டால் மூன்று மூன்றாக வாங்குங்கள்.

5. கண் படக்கூடாத இடங்கள்

முதல் ஆபத்து முன்னுரை. பழைய தொடர்களின் மறுபதிப்புகளில் யாராவது ஒருவர் முன்னுரை எழுதியிருப்பார், வாசகருக்குக் கதை தெரியும் என்ற நம்பிக்கையில். அதைக் கடைசியில் படியுங்கள்.

பின்னட்டையில் முதல் இரண்டு வரியோடு நிறுத்துங்கள். முதல் கொலை ஐம்பதாவது பக்கத்தில் என்றால், பின்னட்டை சில சமயம் நூறாவது பக்கத்து இரண்டாவது கொலையையும் சொல்லிவிடும்.

கதாபாத்திரத்தின் பெயரைத் தேடுபெட்டியில் அடிக்காதீர்கள். பெயரை முடிக்கும் முன்பே "கொலையாளி", "இறப்பு" என்று அதுவே எடுத்துக்கொடுக்கும். பாத்திரம் யாரென்று மறந்துபோய்த்தான் தேடுகிறோம். அதற்கு 7ஆம் படியில் வேறு வழி இருக்கிறது.

திரை வடிவம் இருந்தால் புத்தகம் முடித்த பிறகு பாருங்கள். நடுவில் பார்த்தால் தெரிந்த முகமான நடிகர் எந்தப் பாத்திரத்தில் வருகிறார் என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

6. வேகம்

ஒரு நாவல் 250 பக்கம், மணிக்கு 40 பக்கம் என்று வைத்தால் ஆறேகால் மணி நேரம். முப்பது நாவலுக்கு ஏறக்குறைய 190 மணி. தினம் ஒரு மணி நேரம் படித்தால் ஆறு மாதத்துக்கு மேல். இந்தக் கணக்கை உங்கள் வேகத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஒரு மாதத்தில் முடித்துவிடலாம் என்ற நினைப்பு அதோடு போகும்.

ஒரே மூச்சில் படிக்கக் கூடாதா என்றால், ஒரு புத்தகத்தைப் படிக்கலாம். தொடரை அப்படிப் படிக்கக் கூடாது.

அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்தாதீர்கள். அந்த இடங்கள் உங்களை நிறுத்தவிடக் கூடாது என்றே எழுதப்பட்டவை. கதவு திறக்கும், யாரோ நிற்பார்கள். "இன்னும் ஒண்ணு" என்று இரவு இரண்டு மணி ஆவது இப்படித்தான். அத்தியாயத்தின் நடுவில், யாரோ காபி கலந்துகொண்டிருக்கும் இடத்தில் அட்டையைச் செருகுங்கள். தூக்கம் வரும், மறுநாள் பிடித்துக்கொள்வதும் சுலபம்.

கடைசிக் கால்பகுதியை மட்டும் ஒரே உட்காரலில் படியுங்கள். துப்பறிவாளர் எல்லோரையும் கூட்டிவைத்துப் பேசும்போது, முப்பதாவது பக்கத்தில் யாரோ சொன்ன நேரத்தையும் எண்பதாவது பக்கத்துச் சாவியையும் முடிச்சுப் போடுவார். நடுவில் இரண்டு நாள் விட்டால் அந்தச் சாவி நினைவில் இருக்காது; "ஓ அப்படியா" என்று தலையாட்டிவிட்டு வருவீர்கள். 250 பக்கத்தில் 190ஐத் தாண்டும்போது மணி பத்து என்றால் மூடிவைத்துவிடுங்கள்.

ஒரு நாவல் முடிந்ததும் அடுத்ததை அன்றே தொடங்க வேண்டாம். ஒரு இரவு போகட்டும். இல்லையென்றால் போன கதையின் டாக்டர் இந்தக் கதைக்குள் வந்து உட்கார்ந்துகொள்வார்.

மூன்று முடிந்ததும் அந்தச் சம்பந்தமில்லாத புத்தகம். பயணமோ, சமையலோ, நகைச்சுவையோ, எதுவாகவும் இருக்கலாம்; மர்மம் மட்டும் வேண்டாம். தொடர்ந்து படித்தால் ஐந்தாவது நாவலுக்குள் நாம் துப்பை வைத்து ஊகிப்பதை நிறுத்திவிடுகிறோம், அச்சை வைத்து ஊகிக்கிறோம். "இத்தனை உதவி செய்கிறவன்தான் செய்திருப்பான்", "ஆரம்பத்திலேயே கைதானவன் இல்லை", "உயில் பேச்சு வந்தால் மருமகன்". இது புத்திசாலித்தனம் மாதிரித் தோன்றும். உண்மையில் நாக்கு மரத்துப்போகிற மாதிரி. "எல்லாம் ஒரே மாதிரி இருக்கு" என்ற புகார் கிளம்பும் இடம் இதுதான். ஒரு வாரம் வேறு எதையாவது படித்துவிட்டு வந்தால் அச்சு கொஞ்சம் மறந்திருக்கும், கதை மறுபடி கதையாகத் தெரியும்.

சிறுகதைத் தொகுப்பு என்றால் கணக்கு வேறு. ஹோம்ஸ் சிறுகதைகள் 56. ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் போகாதீர்கள். மாதத் தவணையில் வந்தவற்றை மணிக்கு மூன்று என்று படித்தால் எது எந்தக் கதை என்றே தெரியாது.

7. பெயர் அட்டை

ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு கெட்டி அட்டை. புதிய ஆள் வரும்போது பெயரும் ஒரே ஒரு வார்த்தையும் எழுதுங்கள்: "ரால்ஃப் – கடன்", "மில்ட்ரெட் – தங்கை". அதுவே பக்க அடையாளமும்.

ஒரு வார்த்தைக்கு மேல் எழுத ஆரம்பித்தால் பொழுதுபோக்கு வீட்டுப்பாடமாகிவிடும். யார் எங்கே எத்தனை மணிக்கு இருந்தார் என்று அட்டவணை போட்ட நண்பர் ஒருவர் கொலையாளியைச் சரியாகவே பிடித்தார். ஆனால் அதன் பிறகு அந்தத் தொடரில் இன்னொன்றை அவர் தொடவில்லை.

மின்னூலில் படிப்பவர்களுக்கு அட்டை இன்னும் அவசியம். தாள் புத்தகத்தில் விரலை வைத்துப் பின்னால் புரட்டுவது போல அதில் முடியாது. ஒலிநூலாகக் கேட்பதென்றால் முதல் முக்கால் மணி நேரத்தில் மட்டும் அட்டையை நிரப்பிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எல்லோரும் அதற்குள் வந்துவிடுவார்கள்.

8. சுமாரான புத்தகம் வந்தால்

முப்பதில் நாலைந்து நிச்சயம் சொதப்பும். அறுபது பக்கம் வரை பொறுங்கள். அதற்குள் யார் செத்தாலும் பரவாயில்லை என்று தோன்றினால், தனிக்கதை ரகத்தில் அதை அப்படியே தாண்டுங்கள், பட்டியலில் ஒரு கோடு போட்டுவிட்டு. கௌரவப் பிரச்சினை ஆக்கிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை.

சரடு ரகத்தில் தாண்ட முடியாது. வழக்கு விசாரணையை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு, துப்பறிவாளரின் வீட்டு விஷயம் வரும் பக்கங்களை மட்டும் நிதானமாகப் படியுங்கள். அடுத்த புத்தகத்துக்குத் தேவை அவைதான்.

நூறு வருடம் பழைய கதைகளில் இன்னொரு வகைத் தடங்கல் வரும். வெளிநாட்டுக்காரர், வேலைக்காரர், பெண்கள் பற்றி எரிச்சலூட்டும் வரிகள் இருக்கும். முதல் புத்தகத்திலேயே அது தாங்கவில்லை என்றால் தொடரை விட்டுவிடுங்கள், பத்தாவதில் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

9. கடைசிப் புத்தகம்

கடைசியை முன்கூட்டிப் படிக்காதீர்கள். தனிக்கதை ரகத்திலும் இது பொருந்தும். பாய்ரோவின் கடைசி நாவல் வெளியானது 1975இல். எழுதி வைத்தது 1940களில், உலகப்போர் நடந்த காலத்தில். நடை நடுக்காலத்து நாவல்களைப் போலவே இருக்கும் என்பதால் நடுவில் செருகிப் படிக்கலாம் என்று சிலர் சொல்வதுண்டு. வேண்டாம். 1920இல் வந்த முதல் நாவலை நன்றாக நினைவில் வைத்துக்கொண்டு அதற்குப் போவதுதான் முறை. தேவையென்றால் முதலாவதை ஒருமுறை புரட்டிவிட்டுப் போங்கள்.

எல்லாத் தொடருக்கும் கடைசிப் புத்தகம் இருக்காது என்பதையும் பட்டியல் போடும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எழுத்தாளர் சூ கிராஃப்டன் ஆங்கில எழுத்துக்கு ஒரு புத்தகமாக 1982இல் 'ஏ'யில் தொடங்கினார். 2017இல் 'ஒய்' வந்தது, அந்த ஆண்டே அவர் காலமானார். 25 புத்தகம், 'இசட்' இல்லை. தெரிந்து படித்தால் 'ஒய்' முடிந்ததும் அடுத்தது எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை.

முடித்ததும் பட்டியலை எடுத்து, திரும்பப் படிக்க ஐந்தாறைக் குறித்து வையுங்கள். முடிச்சு பிரமாதம் என்று நினைத்தவற்றை விட்டுவிடுங்கள்; வீடும் மழையும் பேச்சும் நினைவில் நிற்பவற்றைக் குறியுங்கள். ஐந்து வருடம் கழித்து எடுத்துப் படிக்கும்போது அவற்றில் பாதிக்காவது கொலையாளி யாரென்று மறந்துபோயிருக்கும். பெயர் அட்டைகளைத் தூக்கிப் போட்டிருந்தால் இன்னும் நல்லது. நான் என் அட்டையில் ஒரு பெயருக்குக் கீழே கோடு கிழித்து வைத்துவிட்டு, மறுபடி திறந்த முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொண்டேன்.